தானாக ஃபார்வர்டு ஆகும் மெயிலில் ஃப்ரம் ஹெடரை மாற்றலாமா?

கூடாது. அலுவலக டொமைனுக்கு வரும் மெயிலை ஜிமெயிலுக்குத் திருப்பிவிட்டால் சில ஸ்பேமுக்குப் போகின்றன, சில பவுன்ஸ் ஆகின்றன (சேராமல் திரும்புகின்றன), ஃப்ரமில் நம் முகவரியையே போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளில் ஓர் ஏலியாஸ் வரி (இந்த முகவரிக்கு வருவதை அந்த முகவரிக்கு அனுப்பு என்பது) போட்டதோடு விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஃப்ரமை மாற்றச் சொல்லும் இந்த யோசனையைத் தீர்வாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அனுப்பியவர் யார் என்பதையே அழிக்கும் வேலை அது.

மெயிலில் உறை வேறு, கடிதம் வேறு. படிப்பவர் காணும் ஃப்ரம் ஹெடர் கடிதத்தில் இருப்பது. சர்வர்கள் மெயிலைக் கைமாற்றும் எஸ்எம்டிபி நெறிமுறையில் 'மெயில் ஃப்ரம்' என்று போவது உறை முகவரி. எஸ்பிஎஃப் (ஒரு டொமைன் பேரில் எந்த ஐபிகள் மெயில் அனுப்பலாம் என்ற சோதனை) பார்ப்பது அதைத்தான். உறையில் எக்ஸாம்பிள்.காம் என்று இருந்து, மெயில் உங்கள் ஐபியிலிருந்து போனால் எஸ்பிஎஃப் தோற்கும். ஆகவே உறையை மட்டும் எஸ்ஆர்எஸ் முறையில் (பழைய முகவரியை உங்கள் டொமைன் முகவரிக்குள் பொதிந்து எழுதுவது) மாற்றுங்கள். ரவி@எக்ஸாம்பிள்.காம் என்பது இப்படி ஆகும்:

எஸ்ஆர்எஸ்0=ஹாஷ்=நாள்குறி=எக்ஸாம்பிள்.காம்=ரவி@உங்கள்டொமைன்

பவுன்ஸ் வந்தால் உங்களிடம் வரும். ஹாஷ் (உங்கள் சர்வர் மட்டும் உருவாக்கக்கூடிய சரிபார்ப்புக் குறி) சரியாக இருந்தால் ரவிக்குப் போகும். ஹாஷ் சோதனை இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் அந்த வடிவில் முகவரி எழுதி, உங்கள் சர்வர் வழியாக ஸ்பேம் அனுப்பலாம். உறை முகவரி காலியாக வரும் மெயிலை (பவுன்ஸ் அறிவிப்புகள் அப்படித்தான் வரும்) தொடாதீர்கள்.

எஸ்ஆர்எஸ்ஸுக்காக போஸ்ட்எஸ்ஆர்எஸ்டி என்ற நிரலைப் போடுகிறவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. போஸ்ட்ஃபிக்ஸின் 'செண்டர் கனானிக்கல் கிளாசஸ்' அமைப்பு, ஒன்றும் சொல்லாவிட்டால், உறையோடு ஃப்ரம் ஹெடரையும் சேர்த்து மாற்றிவிடும். 'என்வலப் செண்டர்' மட்டும் என்று அதில் கட்டாயம் எழுதுங்கள்.

எஸ்ஆர்எஸ்ஸுக்குப் பிறகு எஸ்பிஎஃப் பாஸ் ஆகும், ஆனால் உங்கள் டொமைன் பேரில். டிமார்க் (ஃப்ரமில் உள்ள டொமைன் உண்மையா என்று பார்க்கும் சோதனை) கேட்பது, பாஸ் ஆன டொமைன் ஃப்ரமில் உள்ள டொமைனோடு பொருந்துகிறதா என்பது. பொருந்தாது. மிச்சம் இருப்பது அனுப்பியவரின் டிகேஐஎம் கையெழுத்து (அவர் டொமைன் மெயிலில் இடும் டிஜிட்டல் கையெழுத்து) ஒன்றுதான். அது உடையாமல் போய்ச் சேர வேண்டும். 2014 ஏப்ரலில் யாஹூ தன் டொமைனுக்கு 'ரிஜெக்ட்' கொள்கை (டிமார்க்கில் தோற்றால் மறுத்துவிடு என்பது) வைத்தபோது மெயிலிங் லிஸ்ட்டுகள் திணறியதற்குக் காரணம், சப்ஜெக்டிலும் அடியிலும் அவை எதையாவது சேர்த்துக் கையெழுத்தை உடைத்ததுதான். லிஸ்ட்டுகள் ஃப்ரமை மாற்றுகின்றனவே என்பீர்கள். அவை உள்ளடக்கத்தை மாற்றுவதால் அவற்றுக்கு வேறு வழியில்லை. நீங்கள் எதையும் மாற்றத் தேவையில்லை.

ஆகவே சப்ஜெக்டில் 'ஸ்பேம்' முத்திரை வேண்டாம். தமிழ் சப்ஜெக்ட் பெரும்பாலும் பேஸ்64 குறிமுறையில் வரும். அதைப் பிரித்து மறுபடி கட்டும் ஃபில்டர் ஓர் எழுத்தை மாற்றினாலும் போச்சு. 8 பிட்டில் வந்த தமிழ் உடலை, அடுத்த சர்வர் ஏற்காது என்று 7 பிட்டுக்கு மாற்றினாலும் அதே கதிதான். 'இந்த மெயில் ரகசியமானது' என்று கேட்வேயில் பத்து வரி ஒட்டும் வழக்கத்தை எல்லா அலுவலகங்களும் நிறுத்த வேண்டும். அந்தப் பத்தியை யாரும் படிப்பதில்லை, கையெழுத்து மட்டும் கெடுகிறது.

ரிசீவ்டு ஹெடர் (மெயில் கடந்துவரும் ஒவ்வொரு சர்வரும் சேர்க்கும் வரி): உங்களுடையதை மேலே ஒன்று சேருங்கள், பழையதை அழிக்காதீர்கள், வரிசையை மாற்றாதீர்கள். இரண்டு முகவரிகள் ஒன்றுக்கொன்று ஃபார்வர்டு ஆகிச் சுற்றினால், போஸ்ட்ஃபிக்ஸ் இந்த வரிகளை எண்ணித்தான் 50-ஐத் தாண்டியதும் நிறுத்துகிறது. 'ரீசென்ட்' ஹெடர்கள் ஒரு மனிதர் கையால் திரும்ப அனுப்பும்போது போடுவதற்கானவை. தானியங்கி ஃபார்வர்டில் வேண்டாம்.

ஆர்க் என்ற முத்திரையைச் சேர்ப்பது நல்லது (ஆர்எஃப்சி 8617 என்ற இணைய நெறிமுறை ஆவணம், 2019). உங்களிடம் வந்தபோது எது பாஸ் ஆனது என்பதை மூன்று ஹெடர்களாக முத்திரையிட்டு அனுப்பும், ஆர்ஸ்பாம்டி என்ற ஸ்பேம் வடிகட்டி அதைச் செய்துகொள்ளும். ஆனால் பெறுபவர் உங்களை நம்பினால்தான் அதற்கு மதிப்பு. ஸ்பேமை ஃபார்வர்டுக்கு முன்பே, எஸ்எம்டிபி நிலையிலேயே மறுத்துவிடுங்கள். இல்லையென்றால் கெடுவது உங்கள் ஐபியின் பெயர்.

முடித்ததும் 'ரிஜெக்ட்' கொள்கை உள்ள டொமைனிலிருந்து ஒரு தமிழ் மெயில் அனுப்பி, ஜிமெயிலில் 'ஷோ ஒரிஜினல்' திறந்து பாருங்கள். ஃப்ரம் டொமைனின் பேரில் டிகேஐஎம் 'பாஸ்' என்று இருக்க வேண்டும்.