கொடைக்கானலில் வாங்கிய மூங்கில் அரிசி

அம்மாவின் முழங்கால் வலிக்கு என்று வாங்கிய மூங்கில் அரிசி, ஊறவைத்த தண்ணீரைப் பளிச்சென்று பச்சையாக்கிவிட்டது என்றும், அது அசல்தானா, அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அது சாயம் ஏற்றிய சாதாரண அரிசியாகத்தான் இருக்கும் நண்பரே.

நான் கூடலூர்க்காரன். மூங்கிலும் புல்தான், முள் மூங்கில் ஏறக்குறைய 40 வருடத்துக்கு ஒருமுறை பூத்து, விதை உதிர்த்து, அப்படியே காய்ந்து செத்துப்போகும். இங்கே மூங்கில் பூத்தபோது புதரடியைப் பெருக்கிச் சுத்தமாக்கி வைத்து, உதிர்ந்ததைக் கூட்டி அள்ளி, மண் போகப் புடைத்து, உரலில் குத்தி எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த அரிசி கோதுமை மாதிரி ஒல்லியாக, நடுவில் ஒரு கோட்டோடு, காய்ந்தபின் பழுப்பாக இருக்கும். ராத்திரி முழுக்க ஊறவைத்துக் குக்கரில் நாலைந்து விசில் விட்டால்தான் வேகும். கஞ்சியாகக் குடித்தால் உடம்புக்குத் தெம்பு, மூட்டுவலிக்கு நல்லது, பிள்ளைப்பேறு உண்டாகும் என்றெல்லாம் காலங்காலமாகச் சொல்வார்கள். கஞ்சி ருசிதான், வலியைத் தீர்க்கும் மருந்து என்று நம்பி உட்கார வேண்டாம். முக்கியமாக, அதுவும் மாவுச்சத்துதான், சர்க்கரை ஏறும். அசல் அரிசி கிடைத்தாலும் ஒரு கிண்ணத்தோடு நிறுத்துங்கள், சர்க்கரை மாத்திரையை நிறுத்த வேண்டாம். அப்புறம், அந்தப் பச்சை அரிசியைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துப் பாருங்கள்.