டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து என்கிறார்களே, ஏன்?

குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். டெங்கு சீசனில் தினமும் ஒரு அம்மாவாவது இதையே கேட்பார்: "அதான் காய்ச்சல் விட்டுடுச்சே சிஸ்டர், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாமா?" அந்தக் கட்டிலை நாங்கள் அதிகம் சுற்றிவருவதே அப்போதுதான்.

காரணம் ரத்தக்குழாயின் சுவர். தந்துகிகள் எனும் மிக நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவர் ஒரே ஒரு செல் கனம். ஆக்சிஜன் அந்தச் செல்களை ஊடுருவியே போய்விடும். தண்ணீர், உப்பு, குளுக்கோஸ் எல்லாம் செல்களுக்கு நடுவிலுள்ள இடுக்கு வழியாகக் கசியும். அல்புமின் மாதிரி பெரிய புரதத்தைச் சுவர் லேசில் விடாது. அது உள்ளே தங்குவதால்தான் தண்ணீரும் ரத்தத்தில் நிற்கிறது. உறுப்புக்கு உறுப்பு இந்தக் கெடுபிடி மாறும்: மூளையில் இடுக்கு ஏறக்குறைய அடைபட்டே இருக்கும், கல்லீரலில் புரதமே தாராளமாகப் போய்வரும். சுவரின் உட்பக்கம் கிளைக்கோகேலிக்ஸ் என்று ஒரு மெல்லிய பூச்சும் உண்டு. சல்லடைமேல் துணி விரித்து வடிகட்டுவோமே, அந்தத் துணி மாதிரி.

டெங்குவில் அடிவாங்குவது இந்தத் துணிதான். லேபில் தேடுகிறார்களே என்எஸ்1, வைரஸின் அந்தப் புரதம் பூச்சை அரிக்கிறது. நம் எதிர்ப்பு சக்தி கொட்டும் ரசாயனங்கள் இடுக்குகளைத் தளர்த்துகின்றன. புரதமும் தண்ணீரும் நெஞ்சுக்கூட்டுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் இறங்கும். பெரும்பாலும் 3 முதல் 7ஆம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் சமயத்தில் இது நடக்கும். 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும்.

ஏழு வயதுப் பையன் ஒருவன், ஐந்தாம் நாள். உடம்பு சுடவில்லை, ஆனால் உள்ளங்கை ஜில்லென்று இருந்தது. நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். அவனுக்கு நான்கு ஆனது. பிபி 90/74, இரண்டுக்கும் இடைவெளி வெறும் 16. பிசிவி, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற அளவு, காலையில் 36 இருந்தது, சாயங்காலம் 44. சிவப்பணு கூடவில்லை, தண்ணீர் வெளியே போய் ரத்தம் கெட்டியாகிவிட்டது. உடனே டிரிப் ஏற்றி, மணிக்கு மணி பார்த்து, விடியும்போது கை சூடாயிற்று.

மறுநாள் அவன் நிறைய சிறுநீர் போக ஆரம்பித்ததும் டிரிப்பைக் குறைத்தோம். அம்மா பயந்துவிட்டார். கசிந்த நீர் தானாகத் திரும்பி வரும். அதற்கு மேலும் ஏற்றினால் நுரையீரலில் கோத்துக்கொள்ளும் என்று சொல்லிப் புரியவைத்தேன்.

எல்லோரும் பிளேட்லெட் எண்ணிக்கையையே கேட்கிறார்கள். தயவுசெய்து பிசிவி எவ்வளவு என்றும் கேளுங்கள். பப்பாளி இலைச்சாற்றை நம்பி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். அப்புறம், காய்ச்சல் விட்ட பிள்ளைக்கு விடாத வயிற்றுவலி, அடிக்கடி வாந்தி, சோர்ந்து படுப்பது, கைகால் ஜில்லிடுவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, இதில் ஒன்று இருந்தாலும் ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்துவிடுங்கள்.