ஃபாதருக்கு ஒரு கால்கட்டு?

கேள்வி: எங்கள் ஊரில் யாக்கோபாய (சிரியன் கிறிஸ்தவ) அச்சனுக்கு மனைவி, மக்கள் உண்டு. சி.எஸ்.ஐ. பாஸ்டருக்கும் உண்டு. கத்தோலிக்க ஃபாதர் மட்டும் ஏன் தனிக்கட்டை? வெள்ளைக்காரன் நம் மலையில் கொண்டுவந்து இறக்கிய வழக்கம்தானே இது? ஒரு கல்யாணத்தைச் செய்துவைத்தால் பேப்பரில் வரும் அசிங்கங்களும் நின்றுவிடுமே?
— வாசகர் ஒருவர், கூடலூர்

பதில்: மூன்று கேள்வியை ஒரே கார்டில் அடைத்துவிட்டீர்கள். நடுவில் இருப்பதை முதலில் எடுக்கிறேன். அதுதான் ரொம்பத் தப்பு.

1603இல் ஃபெனிசியோ என்ற இயேசு சபைச் சாமியார், மலைமேல் பழைய கிறிஸ்தவர்கள் இருப்பதாக யாரோ சொன்னதை நம்பி மலையாளக் கரையிலிருந்து நீலகிரி ஏறினார். பார்த்தது எருமை வளர்க்கும் மலைப் பழங்குடியான தோடர்களை. அந்தத் தோடர்களிடமே பாலோல் என்றொரு பூசாரி இருந்தார். புனித எருமைகளைக் கறப்பதும், பாலைக் கடைவதும், அந்தப் பால்கோயிலைக் காப்பதும் அவர் வேலை. பதவியில் இருக்கும்வரை பெண்டாட்டி வாசனையே கூடாது. கல்யாணம் ஆனவரானாலும் விலகித்தான் இருக்க வேண்டும். பதவியை விட்டால் மந்துக்கு, அதாவது தோடர் குடியிருப்புக்கு, திரும்பிக் குடும்பம் நடத்தலாம். (ஃபாதருக்கு அது அவ்வளவு லேசில்லை, ரோமாபுரி விலக்குத் தர வேண்டும்.) ஆக, மணமில்லாப் பூசாரி இந்த மலைக்குப் புதுச்சரக்கு இல்லை.

கத்தோலிக்கத்திலும் இது திருச்சபைச் சட்டம்தான், விசுவாசக் கோட்பாடு அல்ல. முதல் பாப்பரசர் என்று அவர்கள் கொண்டாடும் பேதுருவுக்கே மாமியார் இருந்தார். காய்ச்சலில் கிடந்த அந்த அம்மாளை இயேசு குணமாக்கிய கதை மாற்கு நற்செய்தி முதல் அதிகாரத்திலேயே வருகிறது. குருக்களின் கல்யாணம் செல்லவே செல்லாது என்று அடித்துச் சொன்னது 1139இல் ரோமில் பிஷப்புகள் கூடிய இரண்டாம் லாத்தரன் சங்கம். கோயில் நிலம் சாமியார் மகனுக்குப் பரம்பரைச் சொத்தாகிவிடும் என்பது ஒரு பயம். பலிபீடத்தில் நிற்பவர் தீட்டில்லாமல் நிற்க வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டும் நமக்குப் புரியாத சமாசாரமா என்ன! ரோமோடு சேர்ந்த கீழைச் சபைகள் பலவற்றில் இன்றைக்கும் கல்யாணமானவர் குருவாகலாம். உங்கள் ஊர் யாக்கோபாய அச்சன் விஷயத்திலும் ஒரு முடிச்சு உண்டு: குருப்பட்டத்துக்கு முன்பே தாலி கட்டியிருக்க வேண்டும், மனைவி இருக்கும்வரை பிஷப் ஆகவும் முடியாது.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். "ஒரு கால்கட்டுப் போட்டால் திருந்திவிடுவான்" என்று ஊதாரிப் பிள்ளைக்குப் பெண் தேடும் தாய்மார் சொல்வார்களே, அதே வைத்தியம். பேப்பரை இன்னொரு தரம் புரட்டுங்கள், அசிங்கம் செய்தவர்களில் குடும்பஸ்தர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். பிள்ளைகள்மேல் கைவைப்பவனுக்குப் போலீஸ்தான் வேண்டும், பெண்டாட்டி அல்ல.

விருப்பமுள்ள குருக்களைக் கட்டிக்கொள்ள விடலாம் என்பதே என் கட்சி. ஆனால் வரப்போகிற அந்தப் பெண்ணை யாராவது கேட்டீர்களா? குன்னூரில் எனக்குத் தெரிந்த பாஸ்டரம்மா ஒருவர் இருக்கிறார். ஞாயிறு பள்ளி, பெண்கள் ஐக்கிய சங்கம், சாவு வீட்டுக்கு ஃபிளாஸ்கில் காப்பி எல்லாம் அவர் தலையில். சம்பளம் மட்டும் கணவர் பெயரில். கட்டிலுக்கடியில் நாலு அட்டைப்பெட்டி, கயிறுகூட அவிழ்க்காமல். ஏன் என்று கேட்டேன்.

"எப்படியும் மாத்தல் வரும். திரும்பக் கட்டணும்ல?" என்றார்.