மகள் அயன் பிடிக்கப் போகிறாளாம்: உப்புவெளி அம்மாவுக்கு ஒரு பதில்

அன்புள்ள அம்மா,

"உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் மகள், அணுவைப் பிடித்துக் குவாண்டம் கம்பியூட்டர் செய்யலாம் என்கிறாள், அப்பா பொறியியல் படிக்கச் சொல்கிறார், எனக்குப் பயமாக இருக்கிறது" என்று எழுதியிருந்தீர்கள். பயப்படாதீர்கள். மகள் சொல்வது உண்மைதான். முதலில் அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். அது விளங்கினால் பாதிப் பயம் போய்விடும்.

வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பில் கல்சியம் இருக்கிறதல்லவா? அந்தக் கல்சிய அணு ஒன்றிலிருந்து ஓர் இலத்திரனை நீக்கினால் அது அயன். மின்னேற்றம் இருப்பதால் மின்புலத்தால் அதைப் பிடித்து வைக்கலாம். ஆனால் மாறாத மின்புலம் போதாது. ஒரு பக்கம் அணைத்தால் மறுபக்கம் வழுக்கிவிடும். அதனால் புலத்தைச் செக்கனுக்குப் பல மில்லியன் தடவை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். தும்புத்தடியை உள்ளங்கையில் நிமிர்த்தி வைக்கக் கையை ஆட்டிக்கொண்டே இருக்கிறோமே, ஏறத்தாழ அப்படி. அயனைப் பிடிக்கும் இந்தப் பொறிக்காக ஜெர்மன் பௌதிகவியலாளர் வொல்ஃப்காங் பவுலுக்கு 1989 இல் நோபல் பரிசு கிடைத்தது.

பிடித்த அயனை 397 நனோமீற்றர் அலைநீள ஊதா லேசரால் குளிர்விப்பார்கள், அதாவது அதன் ஆட்டத்தைக் குறைப்பார்கள். பிறகு 729 நனோமீற்றர் சிவப்பு லேசரால் அதன் இரண்டு சக்தி நிலைகளை 0, 1 என்று எழுதலாம், இரண்டும் கலந்த நிலையிலும் வைக்கலாம். அதுதான் கியூபிட், குவாண்டம் கம்பியூட்டரின் அடிப்படை அலகு. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் அயன்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் ஒன்றாகவே ஆடும். அந்த ஆட்டத்தை வைத்துக் கியூபிட்டுகளை இணைக்கலாம் என்று 1995 இல் சிராக், சொல்லர் என்ற இரண்டு பௌதிகவியலாளர்கள் காட்டினார்கள். அதே வருடம் அமெரிக்காவில் பௌதிகவியலாளர் வைன்லாண்டின் குழு ஒரு பெரிலியம் அயனில் அந்த வழியின் அடிப்படைப் படியைச் செய்து பார்த்தது. வைன்லாண்டுக்கு 2012 இல் நோபல்.

சரி, சோற்றுக்கு வழி என்ன என்றுதானே கேட்கிறீர்கள்?

பட்டத்தின் பெயரில் 'குவாண்டம்' இருக்கிறதா என்று தேட வேண்டாம். இந்த ஆய்வுகூடங்களில் வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் பௌதிகவியல் அல்லது இலத்திரனியல் படித்தவர்கள். அதனால் அப்பா விரும்பும் பொறியியலும் எதிர்ப்பாதை இல்லை. அயன் பொறிக்கு நல்ல மின்சுற்று செய்கிறவர் கட்டாயம் வேண்டும். விஞ்ஞான பீடம் கிடைத்தால் யாழ்ப்பாணம், பேராதனை, கொழும்பு எதுவானாலும் நான்கு வருடச் சிறப்புப் பட்டத்தைக் குறிவைக்கச் சொல்லுங்கள். முதல் வருடங்களின் புள்ளிகள்தான் அதற்கு வாசல். அந்தக் காலத்தில் சோர்ந்துபோகும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்தில் விரிவுரை கேட்பதுதான் பலருக்குப் பெரிய தடை. முடிவுகள் வரும்வரையான மாதங்களில் மகள் அதைத்தான் பழக வேண்டும். அப்புறம் பைத்தன் என்ற நிரலாக்க மொழி.

மறைக்காமல் ஒன்று சொல்கிறேன்: இதையே ஆராய்ச்சியாகச் செய்ய வெளிநாடு போகத்தான் வேண்டும். ஆனால் காணி விற்றுப் போகும் பயணம் இல்லை இது. அமெரிக்காவில் பௌதிகவியல் கலாநிதிப் பட்டத்துக்குச் சேர்கிறவர்களுக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. கற்பித்தல் உதவியாளராகவோ ஆய்வு உதவியாளராகவோ இருந்து மாதக் கொடுப்பனவும் பெறுவார்கள். ஐந்தாறு வருடம் எடுக்கும். கிட்டத்தில் சிங்கப்பூரிலும் அயன் பொறிக் குழுக்கள் உண்டு. பணம் கேட்டு "குவாண்டம் சான்றிதழ்" தருகிறோம் என்று யாராவது வந்தால் மட்டும் கதவைச் சாத்திவிடுங்கள்.

நடுவில் மனம் மாறினால்? லேசர், வெற்றிடக் கருவி, மின்சுற்று, நிரலாக்கம் தெரிந்த கைக்கு மென்பொருளிலும் மருத்துவப் பௌதிகத்திலும் தொழில் உண்டு. நல்ல பௌதிகவியல் ஆசிரியர்களும் நம் மாவட்டத்துக்கு வேண்டும்.

இசட் புள்ளி வந்ததும் பல்கலைக்கழக அனுமதிக் கைநூலை எடுத்துக்கொண்டு வாருங்கள். திருகோணமலை மாவட்ட வெட்டுப்புள்ளிகளைப் பார்த்து விருப்ப ஒழுங்கைச் சேர்ந்தே நிரப்புவோம். அப்பாவையும் கூட்டி வாருங்கள். அவர் கேள்விகளை அவர் வாயாலேயே கேட்க வேண்டும்.