ஆயுதம் கொடுப்பவரின் கை

அன்புள்ள ஐயா,

மேற்காசியா பற்றி நீங்கள் எழுதிவருவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். இஸ்ரேல் அமெரிக்காவின் காவல்நிலையம். அரபு நாடுகள் அன்று சோவியத்தின் கைப்பாவை. இன்று அந்த இடத்தில் ஈரானின் ஆட்கள் இருக்கிறார்கள். ஆயுதம் கொடுப்பவர்கள் நாளைக் காலை நிறுத்திவிட்டால் ஒரே வாரத்தில் சண்டை ஓய்ந்துவிடும். காசாவில் குழந்தைகள் சாவதைப் பார்த்துவிட்டு என்னால் தூங்க முடியவில்லை. இவ்வளவு எளிய உண்மையைச் சொல்லாமல் 1948, 1956 என்று ஆண்டுகளை அடுக்கிக்கொண்டிருப்பதால் யாருக்கு என்ன பயன்?

ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. அதை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கைப்பாவை என்ற சொல்லை விட்டுவிடுங்கள். அந்தச் சொல் இருக்கும்வரை அங்கே நடப்பது எதுவும் நமக்குப் புரியாது.

அமெரிக்கா இஸ்ரேல் பக்கம், ரஷ்யா அரபுகள் பக்கம் என்கிறோம். இஸ்ரேல் பிறந்த காலத்தில் நிலைமை வேறாக இருந்தது. 1947 நவம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் பாலஸ்தீனப் பிரிவினைக்கு ஆதரவாக அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் சேர்ந்தே வாக்களித்தன. அடுத்த மாதமே அமெரிக்கா அந்தப் பகுதிக்கு ஆயுதத் தடை விதித்துவிட்டது. புதிய நாட்டுக்குத் துப்பாக்கியும் விமானமும் கிடைத்தது ஸ்டாலினின் ஒப்புதலோடு, செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து. பிரிட்டனை மேற்காசியாவிலிருந்து கிளப்ப வேண்டும் என்பதே மாஸ்கோவின் கணக்கு.

அந்த விமானத்தைக் கொஞ்சம் அருகில் சென்று பாருங்கள். அவியா எஸ்-199 என்று பெயர். ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் போர் விமானத்தின் உடலில், குண்டுவீச்சு விமானத்துக்காகச் செய்த கனமான எஞ்சினைப் பொருத்தியிருந்தார்கள். ஓடுபாதையில் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். சில நேரம் அதன் துப்பாக்கிகள் அதன் சொந்தச் சுழல்விசிறியையே சுட்டுவிடும். இந்த விமானங்களைப் பிரித்து, சரக்கு விமானங்களில் ஏற்றிக் கொண்டுவந்து, இஸ்ரேலில் பூட்டினார்கள். 1948 மே 29 அன்று மாலை நான்கு அவியாக்கள், வெள்ளோட்டம்கூடப் பார்க்கப்படாமல், இஸ்தூத் அருகே நின்ற எகிப்தியப் படைமீது பறந்தன. ஒரு விமானி இறந்தார். சேதம் பெரிதில்லை, ஆனால் டெல் அவிவை நோக்கி வந்துகொண்டிருந்த படை அதற்குமேல் நகரவில்லை. தரையில் நின்ற யூத வீரர்கள் பலரின் கையில் இருந்தவை ஹிட்லரின் படைக்காகச் செக் ஆலைகளில் செய்யப்பட்ட மவுசர் துப்பாக்கிகள். ஜெர்மானிய முத்திரைகூட அழியாமல் இருந்தது. எதிரே எகிப்தியர்கள் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் விமானங்களில் பறந்தார்கள். ஜோர்டானின் அரபு லீஜியன் படைக்குத் தளபதியே ஜான் கிளப் என்ற ஆங்கிலேயர்தான்.

அதே செக்கோஸ்லோவாக்கியாவிடம் சிரியாவும் துப்பாக்கி வாங்கியிருந்தது. அதை ஏற்றிவந்த லீனோ என்ற கப்பலை இத்தாலியின் பாரி துறைமுகத்தில் ஹகானா என்ற யூத ஆயுதப்படையின் ஆட்கள் குண்டு வைத்து மூழ்கடித்தார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து, 1955 செப்டம்பரில், எகிப்தின் தலைவர் நாசர் ஓர் ஆயுத ஒப்பந்தம் செய்திருப்பதாக அறிவித்தார். அதுவும் செக்கோஸ்லோவாக்கியாவோடுதான்! அந்த ஆண்டு பிப்ரவரியில் இஸ்ரேல் காசாவில் நடத்திய தாக்குதலில் முப்பதுக்கும் மேற்பட்ட எகிப்தியர்கள் இறந்திருந்தார்கள். நாசர் முதலில் கேட்டது அமெரிக்காவை. வாஷிங்டன் போட்ட நிபந்தனைகளை அவர் ஏற்கவில்லை. மாஸ்கோ கதவைத் திறந்தது.

பிரான்ஸின் கதையும் இப்படித்தான். 1956-இல் பிரிட்டனோடும் இஸ்ரேலோடும் ரகசியமாகக் கூடி எகிப்தின் சூயஸ் கால்வாயைக் குறிவைத்த படையெடுப்பைத் திட்டமிட்டது. இஸ்ரேலுக்கு மிராஜ் போர் விமானங்களும் டிமோனா அணு உலையும் கொடுத்தது. 1967 போருக்குச் சற்றுமுன் பிரெஞ்சு அதிபர் டி கால் ஆயுதத் தடை போட்டார். இஸ்ரேல் விலை கொடுத்துவிட்ட 50 மிராஜ்கள் பிரான்ஸிலேயே நின்றுவிட்டன. 1970-இல் அதே பிரான்ஸ் லிபியாவுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட மிராஜ்களை விற்க ஒப்புக்கொண்டது. பிரான்ஸ் தன் காலனியான அல்ஜீரியாவில் நடத்திய போர் முடிந்துவிட்டது. அரபு நாடுகளின் நட்பும் எண்ணெயும் வேண்டியிருந்தது. வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஈரானைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மன்னர் ஷாவின் காலத்தில் ஈரானிய எண்ணெய் இஸ்ரேலின் எய்லாத் துறைமுகத்தில் இறங்கி, குழாய் வழியாக அஷ்கெலான் போனது. கொமேனி வந்து இஸ்ரேலை ஒழிப்போம் என்று முழங்கிய பிறகும், ஈராக்கோடு போர் நடந்தபோது ஈரானுக்கு இஸ்ரேல் ஆயுதம் விற்றது.

இனி கைப்பாவை விஷயத்துக்கு வருகிறேன். 1972 ஜூலையில் எகிப்திய அதிபர் சதாத் ஆயிரக்கணக்கான சோவியத் ராணுவ ஆலோசகர்களை எகிப்திலிருந்து வெளியேற்றினார். கயிற்றைப் பிடித்திருப்பவனையே வெளியே தள்ளும் பாவை உண்டா? அதன் பிறகும் சில மாதங்களில் சோவியத் ஆயுதங்கள் முன்னைவிட வேகமாக வந்தன. எகிப்தை இழந்துவிடுவோமோ என்ற பயம் மாஸ்கோவுக்கு. 1973 அக்டோபர் 6 அன்று எகிப்தும் சிரியாவும் போரைத் தொடங்கியபோது, அது மாஸ்கோ விரும்பிய போர் அல்ல. ஓரிரு நாள் முன்னதாகச் சேதி தெரிந்ததும் தன் ஆட்களின் குடும்பங்களை அவசரமாக விமானம் ஏற்றித் திருப்பி அழைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

அந்தப் போரின் முதல் வாரத்தில் நடந்தது உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. சூயஸ் கால்வாயைக் கடந்த எகிப்தியக் காலாட்படையினரிடம் ஒரு சிறிய பெட்டி இருந்தது. அதற்குள் மல்யூத்கா என்ற சோவியத் ஏவுகணை. மணலில் படுத்துக்கொண்டு, பின்னால் அவிழ்ந்துகொண்டே போகும் மெல்லிய கம்பி வழியாக, கைப்பிடி ஒன்றை அசைத்து அதை டாங்கி வரை ஓட்டிச்செல்ல வேண்டும். காலாட்படைத் துணையில்லாமல் பாய்ந்து வந்த இஸ்ரேலிய டாங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. சில நாட்களிலேயே இரண்டு பக்கமும் குண்டுகளையும் விமானங்களையும் வாரித் தின்றுவிட்டு வெளியே கையேந்தி நின்றன. சோவியத் சரக்கு விமானங்கள் டமாஸ்கஸுக்கும் கெய்ரோவுக்கும் வரத் தொடங்கின. அக்டோபர் 14 முதல் அமெரிக்காவின் மாபெரும் சரக்கு விமானங்கள் இஸ்ரேலின் லோத் விமான நிலையத்தில் இறங்கின. ஐரோப்பிய நாடுகள் தங்கள் தளத்தில் இறங்க இடம் கொடுக்கவில்லை. போர்ச்சுகல் மட்டும் அசோரஸ் தீவுகளில் லாஜஸ் தளத்தைத் திறந்தது. அப்படி இஸ்ரேலுக்குப் போன சரக்கு சுமார் 22,000 டன். அமெரிக்க அதிபர் நிக்சன் மேலும் 220 கோடி டாலர் உதவி கேட்டு நாடாளுமன்றத்துக்குப் போனதும் சவூதி அரேபியா அமெரிக்காவுக்கு எண்ணெயை நிறுத்தியது. பீப்பாய் 3 டாலருக்கு விற்ற எண்ணெய் சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. இந்தியாவிலும் பெட்ரோல் விலை தாவி ஏறியது.

ஆகவே, வெளியிலிருந்து வரத்து இல்லாமல் நாடுகளுக்கிடையே பெரிய போர் நீடிக்காது என்று நீங்கள் சொல்வது சரி. 1973-இல் அது நிரூபணமானது.

அடுத்து நடந்ததையும் பாருங்கள். அக்டோபர் 22 அன்று ஐ.நா. போர்நிறுத்தம் அறிவித்த பிறகும் இஸ்ரேலியப் படை முன்னேறி, எகிப்தின் மூன்றாம் ராணுவத்தைச் சுற்றி வளைத்துவிட்டது. பல்லாயிரம் பேர் பாலைவனத்தில் தண்ணீர் இல்லாமல் மாட்டிக்கொண்டார்கள். சோவியத் தலைவர் பிரெஷ்னெவ் தன் படையைத் தனியாகவே அனுப்ப நேரிடும் என்று கடிதம் எழுதினார். அமெரிக்கா தன் அணு ஆயுதப் படைகள் உட்பட எல்லாவற்றையும் உஷார் நிலைக்குக் கொண்டுவந்தது. மறுபுறம் அமெரிக்க வெளியுறவுச் செயலர் கிஸ்ஸிங்கர் இஸ்ரேலை நெருக்கினார்: மூன்றாம் ராணுவத்தை அழிக்கக் கூடாது, தண்ணீரும் உணவும் மருந்தும் போக வழிவிட வேண்டும். அக்டோபர் 28 நள்ளிரவுக்குப் பின், கெய்ரோ–சூயஸ் சாலையில் 101-ஆவது கிலோமீட்டரில், இஸ்ரேலின் அஹரோன் யாரிவும் எகிப்தின் அப்தெல் கனி எல்-கமாஸியும் நேருக்கு நேர் அமர்ந்து பேசினார்கள். தண்ணீர் லாரிகள் போயின. கிஸ்ஸிங்கருக்கு இரக்கம் வந்து இதைச் செய்யவில்லை. எகிப்தை மாஸ்கோவிடமிருந்து பிரித்து எடுக்க அவமானப்படாத எகிப்து அவருக்குத் தேவைப்பட்டது. அது பலித்தது. 1979-இல் எகிப்து இஸ்ரேலோடு அமைதி ஒப்பந்தம் செய்தது. 1967-இல் இஸ்ரேலிடம் இழந்த சினாய் தீபகற்பம் திரும்பக் கிடைத்தது. அமெரிக்காவின் ராணுவ உதவி கெய்ரோவுக்கும் வரத் தொடங்கியது. பாலஸ்தீனர்களுக்கு அந்த ஒப்பந்தத்தில் கிடைத்தது வெறும் வாக்குறுதி.

ஆயுதம் நின்றால் சண்டையே தீரும் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். 1948-இல் சுமார் ஏழு லட்சம் பாலஸ்தீனர்கள் வீட்டை இழந்தார்கள். 1967-இல் மேற்குக்கரையும் காசாவும் ஆக்கிரமிப்பின் கீழ் வந்தன. 1987 டிசம்பரில் காசாவில் வெடித்த எழுச்சியில் இளைஞர்கள் கையில் எடுத்தது கல். அந்தக் கல்லை எந்த வல்லரசும் அனுப்பவில்லை. இன்னொரு பக்கம், ஐரோப்பாவில் அறுபது லட்சம் பேரைப் பறிகொடுத்த மக்களின் அச்சமும் எந்த வல்லரசும் ஊட்டியது அல்ல. நிலத்தைப் பற்றிய வழக்கு அந்த இரு மக்களுடையது. அதை வாஷிங்டனும் மாஸ்கோவும் செய்த பொம்மலாட்டம் என்று சொல்வது, அங்கே மாண்டவர்களுக்குச் சொந்தமான ஒரு காரணம்கூட இருந்ததில்லை என்று சொல்வதாகும். அதை நான் எழுத மாட்டேன்.

ஆயுதம் கொடுப்பவரால் கீழ்ப்படிதலை விலைக்கு வாங்க முடிவதில்லை. ஆனால் அவர் உண்மையிலேயே நிறுத்த நினைத்த நாட்களில் துப்பாக்கிகள் நின்றிருக்கின்றன. 1956-இல் பவுண்டு சரிந்துகொண்டிருந்தபோது அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் பிரிட்டனுக்குக் கைகொடுக்க மறுத்தார். பிரிட்டன் சூயஸிலிருந்து வெளியேறியது. 1957 மார்ச்சில் அவருடைய நெருக்கடியால் இஸ்ரேலும் சினாயிலிருந்தும் காசாவிலிருந்தும் பின்வாங்கியது. 1982 ஆகஸ்ட் 12 அன்று லெபனான் தலைநகரான பெய்ரூட்டின் மேற்குப் பகுதிமீது இஸ்ரேலிய விமானங்கள் மணிக்கணக்கில் குண்டு பொழிந்தன. அமெரிக்க அதிபர் ரீகன் இஸ்ரேலியப் பிரதமர் பெகினைத் தொலைபேசியில் அழைத்தார். சுமார் இருபது நிமிடத்தில் பெகின் திரும்ப அழைத்து, நிறுத்தச் சொல்லிவிட்டதாகத் தெரிவித்தார். ரீகனே இதைத் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். இஸ்ரேலுக்கு அவரைவிட நெருங்கிய நண்பர் அன்றைய வாஷிங்டனில் அதிகம் இல்லை. 1991-இல் அதிபர் முதல் புஷ் இஸ்ரேலுக்கான 1000 கோடி டாலர் கடன் உத்தரவாதத்தை நிறுத்திவைத்தார். அந்த அக்டோபரில் இஸ்ரேலியப் பிரதமர் ஷமிர் மாட்ரிட் அமைதி மாநாட்டுக்கு வந்தார்.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான்: அன்று முடிந்தது ஏன் மற்ற நாட்களில் முடியவில்லை? 2016 ஒப்பந்தப்படி அமெரிக்கா பத்து ஆண்டுகளில் இஸ்ரேலுக்கு 3,800 கோடி டாலர் ராணுவ உதவி தருகிறது. 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் சுமார் 1,200 பேரைக் கொன்றது. அந்த ஹமாஸுக்குப் பணமும் பயிற்சியும் தந்துவந்த ஈரானின் பொறுப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதன் பிறகு காசாவில் பல்லாயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். 2024 மே மாதம், ரஃபாவில் கூடியிருந்த அகதிகளின் தலைமேல் விழும் என்று அஞ்சி, 2,000 பவுண்டு குண்டுகள் அடங்கிய ஒரே ஒரு சரக்கை பைடன் அரசு நிறுத்திவைத்தது. நிறுத்த முடியும் என்பது தெரிந்தேதான் அதைச் செய்தார்கள். மற்ற சரக்குகள் போய்க்கொண்டிருந்தன. அவற்றை அனுப்பும் முடிவு ஒவ்வொரு முறையும் வாஷிங்டனில் எடுக்கப்பட்டது. உங்கள் கோபத்தை அங்கே கொண்டுபோய் நிறுத்துங்கள்.