பதில்: நைட் ஷிஃப்ட்டுக்கு குடிச்சிட்டு வர்ற பிரஸ் ஆபரேட்டர்

சார், உங்க ஆபரேட்டர் 12 வருஷ ஆளு, நைட் ஷிஃப்ட்டுக்கு குடிச்ச வாடையோட வர்றாரு, முதலாளி நாளைக்கே தூக்குங்கிறாரு, நீங்க நடுவுல மாட்டிக்கிட்டீங்கன்னு புரியுது. முதல்ல இன்னைக்கே பவர் பிரஸ்ல (தகட்ட அழுத்தி வெட்டுற மெஷின்) இருந்து அவர எறக்குங்க, அதுல இரக்கமே பாக்காதீங்க. பைக்ல தனியாவும் அனுப்பாதீங்க. என்ன பாத்தீங்களோ (தள்ளாட்டம், குழறல், நேரம்) அத மட்டும் ரெண்டு பேர் சாட்சியோட எழுதி வைங்க, 'குடிகாரன்'னு தீர்ப்பு எழுத வேணாம்.

சார்ஜ் ஷீட் (என்ன தப்புன்னு எழுத்துல குடுக்குறது), விசாரணை எதுவும் இல்லாம டிஸ்மிஸ் பண்ணா லேபர் கோர்ட்ல நிக்கிறது கஷ்டம். ஸ்டாண்டிங் ஆர்டர் (கம்பெனியோட எழுத்துல இருக்கிற வேலை விதிமுறை) இருக்கிற கம்பெனின்னா, விசாரணைக்காக சஸ்பெண்ட் பண்ணாலும் முதல் 90 நாளைக்கு பாதி சம்பளம் குடுக்கணும், இத சொல்லிப் பாருங்க, முதலாளி கோவம் பாதி இறங்கிடும் (காசு கணக்குதானே அவங்களுக்குப் புரியும்).

அப்புறம் கோயில்ல கூட்டிட்டுப் போய் சத்தியம் வாங்குற வேலை வேணவே வேணாம் சார், தினம் நெறைய குடிக்கிறவர் திடீர்னு நிறுத்தினா ரெண்டு மூணு நாளுக்குள்ள கை நடுக்கம், ஃபிட்ஸ், ஆள் தெரியாம உளறுறதுன்னு போய் உயிருக்கே ஆபத்தாகலாம், டாக்டர் பார்வையிலதான் நிறுத்தணும். பக்கத்து கவர்மென்ட் மெடிக்கல் காலேஜ் மனநலப் பிரிவுல கேளுங்க, இல்லன்னா போதை மீட்பு உதவி எண் 14446க்கு போன் போடுங்க, காசு கிடையாது. லீவு குடுத்து, ட்ரீட்மென்ட் முடிச்சு ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் கொண்டு வந்தாதான் மெஷின்னு எழுத்துல வாங்கிக்கோங்க. வீட்டுக்கு போன் போடுறது மட்டும் அவர கேட்டுட்டு செய்யுங்க.