உப்பிய கெப்பாசிட்டரும் உயிர் போன மானிட்டரும்: கேள்வி பதில்

பழைய எல்சிடி மானிட்டர் ஆன் ஆகவில்லை என்று கடைக்குக் கொண்டுபோனால், "போர்டு போச்சு சார், புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். பல சமயம் உள்ளே பவர் போர்டில் நாலைந்து கெப்பாசிட்டர், அதாவது மின்சாரத்தைச் சேர்த்து வைத்துக் கொடுக்கும் குட்டி உருளைகள், போயிருக்கும், அவ்வளவுதான். அதை நாமே மாற்றலாமா என்று கேட்டு வந்தவற்றுக்கு ஒரே மூச்சாகப் பதில் எழுதியிருக்கிறேன். டிவி, மானிட்டர் ரிப்பேர்தான் எனக்குச் சோறு போடுகிறது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போர்டில் இருப்பதிலேயே பெரிய, 400 அல்லது 450 வோல்ட் என்று எழுதிய கெப்பாசிட்டர் ஒன்று இருக்கும். நம் வீட்டு 230 வோல்ட் அதில் ஏறக்குறைய 325 வோல்ட் டிசியாகச் சேர்ந்து நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். ஹோல்டரில் மாட்டிய ஒரு குண்டு பல்பின் இரண்டு வயரையும் அதன் கால்களில் வைத்து இறக்கிவிட்டு, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வையுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாதீர்கள். நான் சின்ன வயதில் அப்படிச் செய்த ஸ்க்ரூடிரைவரின் நுனியில் கருகிய பள்ளம் இன்னும் இருக்கிறது.

சார், 19 அங்குல மானிட்டர். காலையில் சுவிட்ச் போட்டால் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது. முதலில் பத்து நிமிடத்தில் படம் வந்தது, இப்போது அரை மணி நேரம் ஆகிறது. கெப்பாசிட்டர்தானா?

அதேதான். இதைவிடத் தெளிவாக அது சொல்லாது. பவர் சப்ளை விநாடிக்குப் பல்லாயிரம் முறை ஆன் ஆஃப் ஆகி வோல்டேஜ் தயாரிக்கிறது. அந்த அதிர்வைச் சமன் செய்வது வெளியீட்டுப் பக்கக் கெப்பாசிட்டர்கள். உள்ளே இருக்கும் திரவம் காய்ந்துபோனால் அதன் உள்தடை, அதாவது இஎஸ்ஆர், ஏறிவிடும். சமன் செய்ய முடியாமல் 5 வோல்ட் தள்ளாடும், மெயின் போர்டு எழுந்து எழுந்து விழும். சூடு ஏறினால் அந்தத் தடை கொஞ்சம் குறையும். அதனால்தான் காத்திருந்தால் படம் வருகிறது.

உறுதி செய்துகொள்ள ஒரு வழி உண்டு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மானிட்டரின் பின்பக்கக் காற்றுத் துளை வழியாக ஹேர் டிரையரால் இரண்டு மூன்று நிமிடம் சூடு காட்டுங்கள். பிளாஸ்டிக் இளகுமளவுக்கு வேண்டாம். பிறகு ஆன் செய்யுங்கள். சட்டென்று வந்துவிட்டால் சந்தேகமே இல்லை.

ஆன் செய்தால் இரண்டு நொடி படம் தெரிகிறது, அப்புறம் இருட்டு. விளக்கு மட்டும் எரிகிறது. இதுவும் அதுதானே?

அவசரப்பட வேண்டாம். இருட்டான திரையின் மேல் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். மங்கலாக ஐகான்கள் தெரிந்தால் படம் வருகிறது, பின்னொளி மட்டும்தான் அணைந்திருக்கிறது. பழைய மானிட்டர்களில் பின்னொளிக்கு மெல்லிய ட்யூப் இருக்கும், அதற்கு உயர் வோல்டேஜ் கொடுக்க இன்வெர்ட்டர் இருக்கும். ஒரு ட்யூப் பழுதானாலும் பாதுகாப்புக்காக இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். இன்வெர்ட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் கெப்பாசிட்டர் போனாலும் இதே அறிகுறிதான். ஆகவே அதை மாற்றிப் பார்க்கலாம், ஆனால் அதை மட்டுமே நம்பி உட்காராதீர்கள்.

அண்ணே, பாலிடெக்னிக் படிக்கிறேன். போர்டைக் கழற்றிவிட்டேன். எந்தக் கெப்பாசிட்டரும் உப்பவில்லை, எல்லாம் தட்டையாக இருக்கிறது. அப்படியானால் கெப்பாசிட்டர் நல்லது என்று அர்த்தமா?

இல்லை தம்பி. எல்லாரும் சறுக்குகிற இடம் இது. தலையில் கூட்டல் குறி போலவோ கே எழுத்து போலவோ கீறல் இருக்கிறதே, உள்ளே வாயு சேர்ந்தால் அந்த இடம்தான் மேலே தள்ளும். உப்பியது கண்ணில் பட்டால் அது நம் அதிர்ஷ்டம். வாயு சேராமல் மெதுவாகக் காய்ந்துபோனது கடைசி வரை புதுசு மாதிரியே நிற்கும்.

ஒரு பிரவுசிங் சென்டர்காரர் 17 அங்குல மானிட்டர் கொண்டுவந்தார். விளக்குகூட எரியவில்லை, காதை வைத்தால் டிக்... டிக்... என்று சத்தம் மட்டும். வெளியீட்டுப் பக்கம் உப்பியிருந்த மூன்றை மாற்றினேன். அதே டிக் டிக். நல்லதாகத் தெரிந்த மீதி இரண்டையும் மாற்றினேன். அதே டிக் டிக். இரண்டு சாயங்காலம் போனது. கடைசியில் சூட்டை இறக்கும் ஹீட் சிங்க்கை ஒட்டி, பவர் சப்ளையை இயக்கும் கன்ட்ரோல் ஐசிக்குப் பக்கத்தில், சுண்டுவிரல் நகம் அகலம்கூட இல்லாத ஒரு குட்டிக் கெப்பாசிட்டர்: 47 மைக்ரோஃபாரட் (அது மின்சாரம் பிடிக்கும் அளவு), 50 வோல்ட். தலை தட்டை, உறை பளபளப்பு. இஎஸ்ஆர் மீட்டரில் ஒரு ஓம் பக்கம் காட்ட வேண்டியது இருபதைத் தாண்டியது. கழற்றி அளந்தால் 47க்குப் பதில் 9தான் இருந்தது.

ஐசி முதலில் கண்விழிப்பதே அந்தக் குட்டியில் சேரும் மின்சாரத்தை வைத்துத்தான். விழித்த பிறகுதான் டிரான்ஸ்ஃபார்மரின் துணைச் சுற்று அதற்குத் தீனி போடும். குட்டி காய்ந்திருந்தால் ஐசி விழிக்கும், அடுத்த தீனி வருவதற்குள் தூங்கிவிடும், மறுபடி விழிக்கும். அந்த டிக் டிக் இதுதான். அன்றிலிருந்து போர்டைத் திறந்தால் முதலில் அதை மாற்றிவிட்டுத்தான் மற்றதைப் பார்க்கிறேன்.

இன்னொன்று, சாதா மல்டிமீட்டரில் கெப்பாசிட்டன்ஸ் சரியாகக் காட்டினாலும் இஎஸ்ஆர் எகிறியிருக்கலாம். இஎஸ்ஆர் மீட்டர் 100 கிலோஹெர்ட்ஸ் அளவில் சோதிப்பதால் உண்மையைச் சொல்லும். மீட்டர் இல்லையென்றால் கவலை வேண்டாம், பெரியதைத் தவிர எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றிவிடுங்கள்.

1000 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் கிடைக்கவில்லை. 35 வோல்ட் போடலாமா? 16 வோல்ட்?

35 தாராளமாகப் போடலாம், உயரமும் விட்டமும் இடத்துக்குப் பொருந்தினால். 16 கூடாது. மைக்ரோஃபாரட் அதே அளவு, இல்லாவிட்டால் கொஞ்சம் கூடுதல்.

ஆனால் வோல்ட்டைவிட முக்கியமானது உறையில் இருக்கும் 105 டிகிரி என்ற எழுத்தும், அது லோ இஎஸ்ஆர் வகையா என்பதும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளில் கேட்டால் 85 டிகிரி சாதா ரகத்தை எடுத்து நீட்டுவார்கள், விலை குறைவு. வெப்பம் பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரண்டு மடங்கு என்பது பொதுக்கணக்கு. 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று போட்ட கெப்பாசிட்டர், உள்ளே 65 டிகிரி இருந்தால் 32,000 மணி நேரம் தாங்கும். அதே 2000 மணி நேர 85 டிகிரி ரகம் 8,000 மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஓட்டினால் 85 டிகிரி ரகம் இரண்டு வருடச் சொச்சம், 105 டிகிரி ரகம் எட்டரை வருடத்துக்கு மேல். மிச்சம் பிடிப்பது சில ரூபாய்தான். ரூபிகான், நிச்சிகான், பானசோனிக் என்று கேட்டு வாங்குங்கள், போலி இல்லாத கடையாகப் பார்த்து.

வீட்டில் செத்த மதர்போர்டு ஒன்று கிடக்கிறது. அதிலிருந்து கழற்றிப் போடலாமா?

வேண்டாம். அதற்கும் வயதாகிவிட்டது. அதுவும் 2000க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் வந்த போர்டு என்றால் கிட்டவே போகாதீர்கள். அப்போது தைவானில் தயாரான பல கெப்பாசிட்டர்களில், நீர் கலந்த திரவத்திலிருந்து அலுமினியத்தைக் காக்கும் சேர்மானம் சரியாக இல்லை. உள்ளே ஹைட்ரஜன் உருவாகி, உலகம் முழுக்க மதர்போர்டுகளும் மானிட்டர்களும் உப்பி வெடித்தன. என் தொழில் சூடு பிடித்ததே அந்தச் சமயத்தில்தான்.

அடியில் பழுப்பாக ஏதோ கசிந்திருக்கிறது. லீக் ஆகிவிட்டதா?

குச்சியால் சுரண்டிப் பாருங்கள். ரப்பர் போல, இல்லை பிசின் போலப் பெயர்ந்தால் அது கம்பெனியில் ஆடாமல் இருக்கத் தடவிய பசை. பயப்பட வேண்டாம். ஆனால் கருத்துப்போன பசையைச் சுரண்டி எடுத்துவிடுங்கள், வயதானால் அது மின்சாரத்தைக் கடத்தும், பக்கத்துக் கால்களை அரிக்கும். ஈரமாக, மீன் வாடை போல அடித்தால் நிஜ லீக்.

மானிட்டரின் உறையைத் திறக்கவே முடியவில்லை. ஸ்க்ரூ எல்லாம் எடுத்தாயிற்று.

ஸ்டாண்டுக்கு அடியில் பாருங்கள், ஒன்று ஒளிந்திருக்கும். மீதி கிளிப்தான். காலாவதியான ஏடிஎம் கார்டை ஓரத்தில் நுழைத்து நகர்த்திக்கொண்டே போனால் பட் பட்டென்று விடும். அந்தச் சத்தத்துக்கு மனசு பதறும், பரவாயில்லை. திரையைத் துண்டின் மேல் கவிழ்த்து வைத்துச் செய்யுங்கள், பட்டன் வயரை இழுத்துவிடாதீர்கள்.

சால்டரிங் அயர்ன் வைத்தால் ஈயம் உருகவே மாட்டேன் என்கிறது. 25 வாட் அயர்ன்.

உங்கள் போர்டில் இருப்பது ஈயம் கலக்காத சால்டராக இருக்கும். அது உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும், நம் வழக்கமான சால்டருக்கு 183 போதும். அதனால் முதலில் ஒவ்வொரு காலிலும் நம் சால்டரைக் கொஞ்சம் கூடுதலாக ஊட்டுங்கள். இரண்டும் கலந்தால் சுலபமாக இளகும். அதன் பிறகு பம்ப் வைத்து உறிஞ்சுங்கள். கால் விடவில்லை என்று இழுக்காதீர்கள், செம்புத் தடமே பிய்த்துக்கொண்டு வரும். கிரவுண்டில் இருக்கும் கால் சூட்டை எல்லாம் குடிக்கும், அதற்கு 40, 50 வாட் அயர்ன் நல்லது.

மாற்றி ஆன் செய்ததும் "டப்" என்று வெடித்துவிட்டது அண்ணே!

திருப்பிப் போட்டுவிட்டீர்கள். உறையில் கோடு இருக்கும் பக்கம் மைனஸ். போர்டில் வெள்ளை நிறமிட்ட அரைவட்டம் பெரும்பாலும் மைனஸ், சில போர்டுகளில் நேர்மாறு. கழற்றும் முன் மொபைலில் ஒரு போட்டோ எடுத்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. புதிதாக ஒன்று போட்டுப் பாருங்கள், மற்றவை பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு.

ஃபியூஸ் போயிருக்கிறது. வேறு போட்டால் போதுமா?

போதாது. ஃபியூஸ் சும்மா போகாது. ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் டயோடு, வேகமாக ஆன் ஆஃப் செய்யும் மாஸ்ஃபெட் இரண்டையும் ஷார்ட்டா என்று பாருங்கள்.

என் மானிட்டருக்குத் தனி அடாப்டர்தான், உள்ளே பவர் போர்டே இல்லை.

அப்படியானால் முதல் சந்தேகம் அடாப்டர். அதே வோல்டேஜ், அதே முனை, ஆம்பியர் குறையாத வேறொன்றைக் கடன் வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

எல்லாம் மாற்றிவிட்டேன். முதல் முறை ஆன் செய்யக் கை நடுங்குகிறது.

சீரிஸ் பல்பு போடுங்கள். 100 வாட் குண்டு பல்பு, எல்இடி பல்பு உதவாது. மானிட்டருக்குப் போகும் லைன் வயரில் அதைத் தொடராக இணைத்து, உறையை மூடிவிட்டு, சற்றுத் தள்ளி நின்று சுவிட்ச் போடுங்கள். பல்பு பளிச்சென்று ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்ல சேதி: பெரிய கெப்பாசிட்டர் நிரம்பிவிட்டது, ஷார்ட் இல்லை. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உடனே ஆஃப் செய்துவிட்டு மாஸ்ஃபெட்டுக்குப் போங்கள். மங்கியிருந்தால் பிளக்கைப் பிடுங்கி, பல்பை எடுத்துவிட்டு நேரடியாகப் போடுங்கள். ஒரு மணி நேரம் ஓடட்டும். பிறகு அணைத்து, ராத்திரி முழுக்க ஆற விட்டு, மறுநாள் காலையில் மறுபடி போடுங்கள். ஆறிய நிலையில் முதல் அழுத்தத்திலேயே படம் வந்தால் வேலை முடிந்தது, ஸ்டாண்டை மாட்டிவிடலாம்.